நடுக்கம் இல்லாத நடுக்குவாதம்



பார்க்கின்சன் வியாதியைப் பற்றி எழுதும்படி உங்களில் சிலர் கேட்டிருந்தீர்கள். கை நடுங்கும், நடை தளரும், முகம் களையிழக்கும், லெவோடோபா மாத்திரை கொடுத்தால் பல வருடங்கள் நல்ல பலன் இருக்கும் என்பது பெரும்பாலோர் அறிந்ததே. ஆகவே இம்முறை அதைப் போலவே வேடமிட்டு வந்து, அந்த மாத்திரைக்கு மட்டும் மசியாத சில வியாதிகளைப் பற்றி எழுதுகிறோம். மருத்துவர்கள் இவற்றை 'ஏட்டிபிக்கல் பார்க்கின்சோனிசம்' என்பார்கள். வழக்கத்துக்கு மாறான பார்க்கின்சன் வகைகள் என்று பொருள் கொள்ளலாம்.

குரோம்பேட்டையிலிருந்து ஒரு பெரியவரை அவருடைய மனைவியும் மகனும் அழைத்து வந்தார்கள். வயது அறுபத்து நான்கு. தாம்பரம் ரயில் நிலையத்தின் மேம்பாலப் படிகளில் நன்றாக ஏறியவர், இறங்கும்போது விழுந்துவிட்டார். அதற்கு முன்பும் வீட்டிலேயே நான்கைந்து முறை விழுந்திருக்கிறார். அதுவும் பின்பக்கமாக, மரம் சாய்வது போல. சாப்பிட்டு எழுந்தால் சட்டையெல்லாம் சாம்பார். கையில் நடுக்கம் என்பதே கிடையாது. "கீழே பார்த்து நடங்கன்னு எத்தனை தடவைதான் சொல்றது?" என்று அம்மா எங்கள் முன்னாலேயே அவரைக் கடிந்துகொண்டார்.

நாங்களும் தவறினோம். முதல் முறை வந்தபோது மூக்குக்கண்ணாடியை மாற்றும்படி கண் மருத்துவரிடம் அனுப்பினோம். இரண்டாம் முறை பார்க்கின்சன் என்று எழுதி மாத்திரை கொடுத்தோம். பலனில்லை என்றார்கள், மாத்திரையைக் கூட்டினோம். மறுபடியும் கூட்டினோம். ஏறக்குறைய ஒன்றரை வருடம் இப்படியே கழிந்தது. பிறகு ஒரு நாள் எங்கள் மருத்துவர் தமது விரலை அவருடைய முகத்துக்கு முன் நீட்டி, தலையை அசைக்காமல் விரலை மட்டும் பார்க்கச் சொன்னார். விரல் பக்கவாட்டில் போனபோது கண்கள் மெதுவாகப் பின்தொடர்ந்தன. விரல் கீழே இறங்கியபோது கண்கள் நின்ற இடத்திலேயே நின்றன. பின்பு நேரே ஓர் இடத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும்படி சொல்லி, அவர் தலையைப் பிடித்து மெல்லப் பின்னுக்குச் சாய்த்தார். அப்போது அந்தக் கண்கள் தாமாகக் கீழே இறங்கின!

இதன் பொருள் என்னவென்றால், கண்ணில் குற்றமில்லை, கண்ணை அசைக்கும் தசையிலும் குற்றமில்லை. 'கீழே பார்' என்று மூளையின் மேற்பகுதியிலிருந்து வரவேண்டிய கட்டளைதான் வழியில் தடைப்பட்டுவிட்டது. அந்தப் பெரியவரால் கீழே பார்க்க முடியாது. பார்க்கச் சொல்லித் திட்டியும் பயனில்லை, கண்ணாடி மாற்றியும் பயனில்லை.

இந்த வியாதிக்கு 'புரோகிரஸிவ் சூப்ரா நியூக்ளியர் பால்ஸி' என்று பெயர், சுருக்கமாக பி.எஸ்.பி. கனடா தேசத்து டொராண்டோ நகரில் ரிச்சர்ட்சன் என்ற நரம்பியல் மருத்துவர், 1950-களில் தம் நண்பர் ஒருவருக்கு ஏற்பட்ட விநோதமான கோளாறுகளைக் கவனித்தார். விழுதல், பார்வைத் தடுமாற்றம், பேச்சுக் குழறல், சிறு மறதி. அதே விதமான வேறு சிலரையும் அவர் கண்டார். அவர்கள் இறந்தபின் அவர்களுடைய மூளைகளை ஓல்ஷெவ்ஸ்கி என்பவரும், அப்போது இளம் மருத்துவராயிருந்த ஜான் ஸ்டீல் என்பவரும் ஆராய்ந்தார்கள். மூவரும் சேர்ந்து 1964-ல் வெளியிட்ட கட்டுரையால்தான் இது தனி வியாதி என்பது உலகுக்குத் தெரிந்தது. ஜேம்ஸ் பார்க்கின்சன் தமது புத்தகத்தை எழுதியது 1817-ல். இடைப்பட்ட ஏறக்குறைய நூற்றைம்பது வருடங்களில் எத்தனை பேர் பெயர் தெரியாமலே விழுந்து விழுந்து இறந்திருப்பார்களோ!

அறுபது வருடம் ஆனபின்பும் குழப்பம் தீர்ந்தபாடில்லை. அமெரிக்காவின் கறுப்பின மக்கள் தலைவரும் போதகருமான ஜெஸ்ஸி ஜாக்சன் தமக்குப் பார்க்கின்சன் என்று 2017-ல் அறிவித்தார். அவருக்கு இருந்தது பி.எஸ்.பி. என்று 2025-ல்தான் வெளியாயிற்று. பாடகி லிண்டா ரான்ஸ்டாட்டுக்கும் இவ்விதமே முதலில் ஒரு பெயர், சில வருடம் கழித்து வேறு பெயர். பெரிய ஊர்களில், பெரிய மருத்துவமனைகளிலேயே இப்படியென்றால் நாங்கள் தவறியதில் ஆச்சரியமில்லை என்று சொல்லித் தேற்றிக்கொள்ளலாம். ஆனால் அந்த விரல் சோதனைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது, ஒரு ரூபாய்ச் செலவும் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

மாத்திரை ஏன் வேலை செய்யவில்லை? இதற்கு நம் ஊர்ச் சரித்திரம் ஒன்றைச் சொல்ல வேண்டும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தில் தாமோதரன், ராமஸ்வாமி என்ற இருவர், நம் வேலிகளில் படரும் பூனைக்காலி விதையிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்து 1937-ல் வெளியிட்டார்கள். (கிறிஸ்தவக் கல்லூரி நகரத்திலிருந்து தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்ததும் அதே வருடந்தான்.) அந்தப் பொருள்தான் இன்று மாத்திரையாக வரும் லெவோடோபா. அது பார்க்கின்சன்காரர்களை எழுப்பி நடமாட வைக்கும் என்று அப்போது யாருக்கும் தெரியாது. இறந்தவர்களின் மூளையில் டோபமின் என்ற சத்து வற்றியிருப்பதை வியன்னாவில் ஹார்னிகீவிச் 1960-ல் கண்டுபிடித்து, மறுவருடம் லெவோடோபாவை ஊசியாகச் செலுத்திப் பார்த்த பிறகே அதன் அருமை புரிந்தது.

தாம்பரம், மேடவாக்கம் பக்கத்து வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். குழாயில் தண்ணீர் நின்றுவிட்டால் லாரி வந்து தொட்டியை நிரப்புகிறது. வீட்டுக்குள் எல்லாம் பழையபடி நடக்கிறது. பார்க்கின்சன் வியாதி அப்படிப்பட்டது. டோபமினைச் சுரக்கும் அணுக்கள் அழிகின்றன, ஆனால் அதைப் பெற்றுக்கொள்ளும் அணுக்கள் நன்றாக இருக்கின்றன. மாத்திரைதான் லாரித் தண்ணீர். பி.எஸ்.பி. போன்ற வியாதிகளிலோ வீட்டுக்குள் இருக்கும் குழாய்களும் உடைந்துபோகின்றன. எத்தனை லாரி வந்தாலும் சமையலறைக்குத் தண்ணீர் வராது. மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போனால் பணம் செலவாகும், குமட்டலும் தலைசுற்றலும் கூடும். ஆயினும் போதுமான அளவில் சில மாதங்கள் கொடுத்துப் பார்த்த பின்புதான் பலனில்லை என்று தீர்மானிக்க வேண்டும். சிலருக்குச் சிறிது காலம் பலன் கிடைப்பதுண்டு. நாட்டு மருந்துக்கடையில் பூனைக்காலிச் சூரணம் வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அதிலும் இருப்பது லெவோடோபாவே; இரண்டும் சேர்ந்தால் அளவு மீறும்.

இந்த வரிசையில் இரண்டாவது வியாதி 'மல்ட்டிபிள் சிஸ்டம் அட்ராஃபி', சுருக்கமாக எம்.எஸ்.ஏ. இதில் உடம்பு தானாகச் செய்துகொள்ளும் வேலைகள் கெடுகின்றன. எழுந்து நின்றால் இரத்த அழுத்தம் சரிகிறது. கோவிலில் பாட்டுக்கு எழுந்து நிற்கிறவர் பாட்டு முடிவதற்குள் மயங்கி உட்கார்ந்துவிடுவார். சிறுநீர் அடக்க முடியாது, அல்லது முழுவதும் இறங்காது. தூக்கத்தில் கத்துவார், உதைப்பார்; குறட்டைக்குப் பதில் மூச்சை இழுக்கும்போது ஒரு கீச்சொலி கேட்கும். முதலில் படுக்க வைத்து, பின் நிற்க வைத்து மூன்று நிமிடத்துக்குள் இரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். மேல் அளவு 20 புள்ளிக்கு மேல் இறங்கினால் யோசிக்க வேண்டும். எங்கள் வெளிநோயாளர் பகுதியில் உட்கார வைத்து மட்டும் அழுத்தம் பார்ப்பது பல வருட வழக்கம். உட்கார்ந்திருக்கையில் பார்த்தால் இது தெரியாது.

எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் இவர்களில் சிலருடைய மூளைத்தண்டில் ஒரு சிலுவை தெரியும். பெரிய வெள்ளிக்கிழமையன்று சில பேக்கரிகளில் சிலுவைக் குறியிட்ட பன் விற்பார்களே, மேல்நாட்டு மருத்துவர்கள் அந்த பன்னின் பெயரையே இதற்கு வைத்துவிட்டார்கள். பி.எஸ்.பி.யில் நடுமூளை மெலிந்து, பக்கவாட்டுப் படத்தில் பென்குவின் பறவை நிற்பது போலத் தோன்றும். இந்த அடையாளங்கள் இருந்தால் உதவி. இல்லையென்பதால் வியாதி இல்லை என்று ஆகாது, ஆரம்பத்தில் ஸ்கேன் சுத்தமாகவே இருக்கலாம்.

மூன்றாவது அரிது: 'கார்ட்டிகோ பேசல் டிஜெனரேஷன்'. ஒரு பக்கத்துக் கை சொன்னபடி கேட்காது. பொத்தான் போட வராது, வேட்டி கட்ட வராது. சிலருக்கு அந்தக் கை தானாக எழுந்து எதையாவது பற்றிக்கொள்ளும்.

நான்காவதைப் பற்றிச் சற்று அழுத்தமாகவே சொல்ல விரும்புகிறோம். 'லூயி பாடி டிமென்ஷியா'வில் நடை தளர்வதோடு, இல்லாத மனிதர்கள் கண்ணுக்குத் தெரிவார்கள். கூடத்தில் குழந்தைகள் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களுக்கும் சாப்பாடு போடு என்பார்கள். நாளுக்கு நாள், மணிக்கு மணி புத்தி தெளிவதும் மங்குவதுமாக இருக்கும். வீட்டார் பேய் என்கிறார்கள், செய்வினை என்கிறார்கள். மந்திரிக்க அழைத்துப் போகிறவர்களும் உண்டு, பிசாசை விரட்ட ஜெபிக்கச் சொல்லி எங்களிடமே வந்தவர்களும் உண்டு. ஜெபிப்போம், ஆனால் இது மூளையின் வியாதி. இவர்களை அடக்குவதற்காக அவசரத்தில் ஹாலோபெரிடால் ஊசி போட்டால் உடம்பு கட்டை போல விறைத்து உயிருக்கே ஆபத்தாகலாம். இப்படிப்பட்டவர் உங்கள் வீட்டில் இருந்தால், 'இந்த வகை ஊசி ஆகாது' என்று ஒரு சீட்டில் எழுதி அவருடைய மருந்துப் பையிலேயே வைத்துவிடுங்கள்.

இந்தப் பெயர்களில் ஒன்றைச் சூட்டுமுன் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். வாயு, நெஞ்செரிச்சல் என்று மாதக்கணக்கில் விழுங்கும் கேப்சூல்கள் சிலவற்றில் லெவோசல்பிரைடு சேர்ந்திருக்கிறது. தலைசுற்றலுக்குச் சின்னரிசின், ஒற்றைத் தலைவலிக்குப் புளூனரிசின், வாந்திக்கு மெட்டோகுளோப்ரமைடு. இவையெல்லாம் டோபமினைத் தடுக்கக்கூடியவை. வயதானவர்களுக்குப் பார்க்கின்சன் போன்ற நிலையையே உண்டாக்கிவிடும். நிறுத்தினால் பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ சரியாகிவிடும். எனவே மருத்துவரிடம் வரும்போது சீட்டை மட்டும் கொண்டுவராமல், வீட்டிலுள்ள மாத்திரை அட்டைகள் அனைத்தையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள்.

இனி ஆராய்ச்சிக்கு வருவோம். இந்த வியாதிகளுக்கு மூலகாரணம் இரண்டு புரதங்கள். பார்க்கின்சன், எம்.எஸ்.ஏ., லூயி பாடி மூன்றிலும் ஆல்ஃபா சைநியூக்ளின் என்ற புரதம் உருக்குலைந்து சேருகிறது. பார்க்கின்சனில் இது 1997-லும் எம்.எஸ்.ஏ.யில் 1998-லும் உறுதியாயிற்று. பி.எஸ்.பி.யிலும் கார்ட்டிகோ பேசல் வகையிலும் சேருவது டௌ என்ற வேறு புரதம். ஒரே புரதம் எப்படி வெவ்வேறு வியாதிகளை உண்டாக்கும் என்பது நெடுநாள் புதிராயிருந்தது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில், சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் பல ஆண்டுகள் பணியாற்றிய அதே ஆய்வுக்கூடத்தில், கோடெர்ட், ஷெரஸ் என்பவர்களின் குழுவினர் உறைநிலை எலக்ட்ரான் நுண்ணோக்கியால் அந்த இழைகளை அணு அணுவாகப் பார்த்தார்கள். பி.எஸ்.பி.யில் டௌ மூன்று அடுக்காக மடிந்திருக்கிறது, கார்ட்டிகோ பேசலில் நான்கு அடுக்காக மடிந்திருக்கிறது என்று 2020, 2021-ஆம் ஆண்டுகளில் தெரிவித்தார்கள். ஒரே சேலையைக் கடைக்காரர் ஒரு விதமாகவும் சலவைக்காரர் வேறு விதமாகவும் மடிப்பது போல! மடிப்பு மாறினால் வியாதி மாறுகிறது.

இந்த மடிப்பை உயிரோடிருக்கும்போதே கண்டுபிடிக்கலாமா? பாலில் ஒரு துளி மோரை உறை ஊற்றினால் காலையில் பானை முழுவதும் தயிராகிறதல்லவா, அதே தந்திரந்தான். முதுகுத்தண்டு நீரில் சிறிது எடுத்து, நல்ல நிலையிலுள்ள சைநியூக்ளினுடன் சேர்த்துக் குலுக்குகிறார்கள். அந்த நீரில் உருக்குலைந்த புரதம் கடுகளவு இருந்தாலும் நல்ல புரதம் முழுவதும் அதேபோல் உருமாறிவிடும். 2023-ல் 1,123 பேரை வைத்து நடத்திய ஆய்வில் பார்க்கின்சன்காரர்களில் நூற்றுக்கு எண்பத்தெட்டுப் பேர் அளவில் இச்சோதனை கண்டுபிடித்தது. பார்க்கின்சனின் உறைமோரும் எம்.எஸ்.ஏ.யின் உறைமோரும் வெவ்வேறு தயிரைத் தருகின்றன என்று ஹூஸ்டன் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் 2020-லேயே காட்டினார்கள். டௌ புரதத்துக்கு இவ்வளவு நம்பகமான சோதனை இன்னும் அமையவில்லை. இவையெல்லாம் நம் ஊர்ச் சாதாரண பரிசோதனைக்கூடங்களுக்கு இன்னும் வந்து சேரவுமில்லை.

மருந்து? உண்மையைச் சொல்ல வேண்டும். டௌ புரதத்தைப் பிடித்து அகற்றும் என்று நம்பிய இரண்டு ஊசி மருந்துகள், கோசுரனேமாப், டிலவோனேமாப் ஆகியவை, பி.எஸ்.பி.யில் பலனளிக்கவில்லை என்று 2019-ல் நிறுத்தப்பட்டன. எம்.எஸ்.ஏ.யில் காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினையும் முயன்று தோற்றார்கள். ஜப்பானில் யூபிகுவினால் என்ற பொருளை அதிக அளவில் கொடுத்ததில் வியாதியின் வேகம் சற்றுக் குறைந்ததாக 2023-ல் தெரிவித்தார்கள். இது சிறிய ஆய்வு, உறுதிப்பட வேண்டும். வியாதியைக் குணமாக்கும் மருந்து இன்று உலகத்தில் எங்கும் இல்லை. இதை இவ்வளவு வெளிப்படையாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. நிலத்தை விற்று 'ஸ்டெம்செல்' ஊசி போட்டுக்கொண்டு வந்தவர்களை நாங்கள் பார்க்கிறோம். இத்தகைய நரம்பு வியாதிகளுக்கு அதை அனுமதிக்கப்பட்ட ஆராய்ச்சிக்கு வெளியே சிகிச்சையாகக் கொடுக்கக்கூடாது என்பது 2017-ஆம் ஆண்டின் தேசிய வழிமுறைகளிலேயே இருக்கிறது.

முள்சீத்தா இலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. புற்றுநோய் வராது என்று சொல்லி அதன் இலையையும் பொடியையும் இப்போது எங்கும் விற்கிறார்கள். மேற்கிந்தியத் தீவுகளில் குவாதலூப் என்று ஒன்று உண்டு. 1854 முதல் காரைக்கால், பாண்டிச்சேரி வழியாக நம் ஜனங்கள் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிய தீவு. அங்கே மாத்திரைக்கு மசியாத பார்க்கின்சன் வகைகள் அளவுக்கு மீறி இருப்பதாகவும், அவர்களில் பலர் முள்சீத்தாப் பழமும் இலைக் கஷாயமும் வழக்கமாகச் சாப்பிட்டவர்கள் என்றும் 1999-ல் வெளியாயிற்று. அதிலுள்ள அன்னோனாசின் என்ற பொருளை எலிகளுக்குச் செலுத்தியபோது மூளை அணுக்கள் அழிந்தன. மனிதர்களில் இது நிரூபணமாகவில்லை. எப்போதாவது ஒரு பழம் தின்பதைப் பற்றி நாங்கள் சொல்லவில்லை. தினமும் கஷாயம் குடிப்பதை விட்டுவிடுங்கள்.

மருந்தில்லாத வியாதிக்குப் பெயர் தெரிந்து என்ன லாபம் என்று அந்தப் பெரியவரின் மகன் கேட்டார். நியாயமான கேள்விதான். இந்த வியாதியில் உயிருக்கு ஆபத்து பெரும்பாலும் வியாதியால் நேரே வருவதில்லை. உணவு புரையேறி நுரையீரலில் சளி கட்டுவதாலும், விழுந்து எலும்பு முறிவதாலும் வருகிறது. இவ்விரண்டையும் தள்ளிப்போட முடியும். விழுங்குவதற்குக் கடினமானது சோறல்ல, தண்ணீரும் டீயும் ரசமுந்தான். கேழ்வரகுக் கூழ் இறங்கிவிடும். முகவாயைச் சற்று மார்போடு தாழ்த்தி விழுங்க வேண்டும், சாப்பிடும்போது பேச்சுக் கொடுக்கக் கூடாது, சாப்பிட்டவுடன் படுக்க வைக்கக் கூடாது. எம்.எஸ்.ஏ. என்றால் கட்டிலின் தலைப்பக்கத்துக் கால்களுக்குக் கீழே செங்கல் வைத்து உயர்த்தலாம்; எழுவதற்கு முன் இரண்டு டம்ளர் தண்ணீர் வேகமாகக் குடிக்கலாம்; பழைய இரத்த அழுத்த மாத்திரை இன்னும் தேவையா என்று கேட்கலாம். பயனில்லாத மாத்திரைகளைப் படிப்படியாகக் குறைத்தால் மாதச் செலவும் குறையும். சொத்து, பென்ஷன், கையெழுத்துக் காரியங்களைப் பேச்சு தெளிவாக இருக்கும்போதே முடித்துக்கொள்ளலாம்.

பெயரை முழு நிச்சயமாகச் சொல்வது இன்றைக்கும் இறந்தபின் மூளையைப் பார்ப்பதால்தான். பெங்களூர் நிம்ஹான்ஸில் 1995 முதல் மூளை வங்கி இருக்கிறது. நம் பக்கத்திலும் கிண்டியில் ஐ.ஐ.டி.யின் மூளை ஆய்வு மையம் 2022-ல் தொடங்கி, மூளைகளை மெல்லிய சீவல்களாக்கிப் படமெடுத்து வருகிறது. ஐந்து கருக்குழந்தைகளின் மூளைகளை 5,132 சீவல்களாகப் படம்பிடித்த 'தாரணி' என்ற தொகுப்பை 2024 டிசம்பரில் வெளியிட்டார்கள். அது இந்த வியாதிகளைப் பற்றியதல்ல. ஆனால் இவ்வளவு நுட்பமான வேலை மின்ரயில் தூரத்தில் நடக்கிறது என்பது எங்களுக்கு உற்சாகமளிக்கிறது. மூளையைக் கொடுப்பதற்கு நம் ஜனங்கள் தயங்குவதை அறிவோம். எடுத்தபின் சரீரத்தைக் குடும்பத்தாரிடமே ஒப்படைப்பார்கள். முகம் மாறாது, அடக்க ஆராதனைக்கும் தடையில்லை. யாரையும் நாங்கள் வற்புறுத்துவதில்லை. டொராண்டோவில் அந்தச் சில குடும்பங்கள் சம்மதித்திராவிட்டால் பி.எஸ்.பி. என்ற பெயரே இருந்திராது என்பதை மட்டும் கேட்கிறவர்களுக்குச் சொல்கிறோம்.

பெரியவருக்கு வியாதியின் பெயரைச் சொன்ன அன்று அம்மா வெகுநேரம் பேசவில்லை. பிறகு எங்கள் நர்ஸிடம், "ரெண்டு வருஷமா அவரைத் திட்டிக்கிட்டே இருந்தேனே சிஸ்டர்" என்றார். அடுத்த முறை வந்தபோது அவர்களே ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். சாப்பாட்டு மேஜைமேல் குழந்தைகளின் முக்காலி ஒன்றை வைத்து, அதன்மேல் தட்டை வைக்கிறார்கள். தட்டு அவர் கண்ணுக்கு நேரே வந்துவிடுகிறது. சட்டை சுத்தமாக இருந்தது. படி இறங்கும்போது மகன் ஒரு படி முன்னால், அவரைப் பார்த்தபடியே பின்னோக்கி இறங்குகிறார்.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள மருத்துவமனைக் குடும்பத்தார்